நிதி திரட்ட ஒரு கிதார் செய்யலாமா?

சென்ற மாதம் கையால் கிதார் செய்வது பற்றி ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: ஏதோ ஒரு நல்ல காரியத்துக்காகக் கிதார் செய்து கொடுக்க ஆசை, எப்படி ஆரம்பிப்பது? அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, நாங்கள் நான்கு பேர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மர வேலையில் ஆர்வம் உண்டு. மேசை, அலமாரி, ஊஞ்சல் பலகை எல்லாம் செய்திருக்கிறோம். எங்கள் பகுதியில் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கான காப்பகம் ஒன்று இருக்கிறது. அதற்கு நிதி சேர்க்க ஒரு அக்கௌஸ்டிக் கிதார் செய்து ஏலம் விடலாம் என்று யோசனை. கிதார் ஏலத்தில் கோடிக்கணக்கில் பணம் வந்ததாகப் படித்தோம். எங்களால் முடியுமா?
— கோவையிலிருந்து ஒரு வாசகர்

கிதார் செய்ய உங்களால் முடியும், அதில் சந்தேகமே வேண்டாம். இழைப்புளியைத் தீட்டி மெல்லிய சீவல் எடுக்கத் தெரிந்தவருக்கு மீதியைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பண விஷயத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இங்கேதான் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

நீங்கள் படித்த ஏலங்கள் உண்மைதான். பிரிட்டன் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஆன்டிகுவா தீவில் தொடங்கிய போதை மறுவாழ்வு மையத்துக்காக 1999-ல் தன்னுடைய 100 கிதார்களை கிறிஸ்டீஸ் நிறுவனத்தில் ஏலம் விட்டார். சுமார் 50 லட்சம் டாலர் வந்தது. அதே மையத்துக்காக 2004-ல் நடந்த ஏலத்தில் அவருடைய 1939-ம் வருடத்து மார்ட்டின் அக்கௌஸ்டிக் கிதார் மட்டுமே 7,91,500 டாலருக்குப் போனது. 2019-ல் பிங்க் ஃபிளாயிட் ராக் குழுவின் டேவிட் கில்மோர் தன் கிதார்களை விற்று, வந்த 2 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை முழுவதையும் பருவநிலை மாற்றத்தை எதிர்த்து வழக்காடும் கிளையன்ட் எர்த் அமைப்புக்குக் கொடுத்தார். 2004 சுனாமிக்குப் பிறகு, பெரிய ராக் இசைக் கலைஞர்கள் பலர் ஒரே கிதாரில் கையெழுத்திட்டு அதை கத்தாரின் தோஹாவில் ஏலம் விட்டபோது 27 லட்சம் டாலர் கிடைத்தது.

இவற்றில் ஒன்றுகூட கிதாரின் வேலைப்பாட்டுக்காக வந்த விலை இல்லை. அந்தக் கிதாரைத் தொட்ட கைக்காக வந்த விலை. நம் ஊரில் முதல் முறையாக ஒரு கிதார் செய்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, அதனால் "ஏலம் விட்டால் தானாக விலை ஏறும்" என்ற நம்பிக்கையில் வேலையைத் தொடங்காதீர்கள். நல்ல மரம், கழுத்துக்குள் போகிற இரும்புத் தண்டு, சுருதி கூட்டும் முறுக்காணிகள், ஃபிரெட் கம்பி (கழுத்தின் மேல் குறுக்கே பதிக்கிற உலோகக் கட்டுகள்), பிசின், பாலிஷ், பெட்டி என்று பட்டியல் போட்டுக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை அப்படியே காப்பகத்துக்குக் கொடுப்பதைவிட கிதார் செய்வது எந்த வகையில் மேல் என்று நான்கு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். பதில் இருந்தால் செய்யுங்கள். என் பார்வையில் பதில் இருக்கிறது, ஆனால் இரண்டு விஷயம் சரியாக அமைய வேண்டும்.

முதலாவது, பொருள் செலவை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் மரம், ஒருவர் பெட்டி, ஒருவர் முறுக்காணி என்று பிரித்துக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு, ஏனென்றால் தன் பணம் எந்தப் பாகமாக மாறியது என்று கொடுத்தவருக்குக் கண்ணால் பார்க்க முடியும். இப்படிச் செய்தால் ஏலத்தில் வருகிற முழுத் தொகையும் காப்பகத்துக்குப் போகும். இரண்டாவது, வாங்கப் போகிறவர் யார் என்பதை மரம் அறுப்பதற்கு முன்பே தேடுங்கள். கிதார் வாசிக்கிற டாக்டர், பழைய மாணவர் சங்கம், ஊரில் ஒரு ஸ்டுடியோ வைத்திருப்பவர், இப்படி உண்மையாகவே அதை எடுத்து வாசிக்கக்கூடிய பத்துப் பேரிடம் ஆரம்பத்திலேயே சொல்லி, பட்டறைக்கு வரவழைத்து, பாதி செய்த நிலையில் காட்டுங்கள். ஏல நாளில் ஒரு நல்ல கலைஞர் அந்தக் கிதாரை மேடையில் வாசிக்க வேண்டும். சுவரில் மாட்டி வைக்கப் போகிறவர்களை மட்டும் நம்பினால் விலை சீக்கிரம் நின்றுவிடும்.

அப்புறம் ஒரு விஷயம், இதைக் கட்டாயம் செய்யுங்கள்: ஒன்று செய்யாமல் இரண்டு செய்யுங்கள். அச்சு, வளைக்கும் குழாய், கிளாம்ப்கள் எல்லாவற்றையும் தயார் செய்வதற்குத்தான் நிறைய நேரம் போகும். அது ஒரு தடவை நடந்துவிட்டால் இரண்டாவது கிதாருக்குப் பாதி உழைப்புதான். முதல் கிதாரில் கை பழகட்டும், இரண்டாவது ஏலத்துக்குப் போகட்டும். தொழில் தெரிந்தவர்களுக்கே ஒரு கிதாருக்கு நூறு மணி நேரம் சர்வசாதாரணமாக ஆகும், புதியவர்களுக்கு இன்னும் கூட. காப்பகத்திடம் தேதியைச் சொல்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். முத்துச்சிப்பி பதிப்பது, பூவேலை எல்லாம் வேண்டாம். எளிமையான கிதார், துல்லியமாகச் சுருதி சேர்கிற கிதார் போதும்.

சார், எங்கள் தாத்தா காலத்து ஈட்டி மரக் கட்டில் உடைந்து பரணில் கிடக்கிறது. அதை வைத்துக் கிதார் செய்து எங்கள் ஊர் நூலகத்துக்கு நிதி திரட்ட நினைக்கிறேன். மரக்கடைக்காரர் தேக்குதான் எல்லாவற்றுக்கும் நல்லது என்கிறார்.
— கூடலூரிலிருந்து ஒரு வாசகர்

கட்டிலை யாருக்கும் விற்றுவிடாதீர்கள்! பல வருடம் வீட்டுக்குள் இருந்து காய்ந்த ஈட்டி கிடைப்பது லேசில்லை. உலகம் முழுக்கக் கிதார் செய்பவர்கள் தேடி வாங்குகிற மரம் அது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் கிடைப்பது சிரமமானதும் 1969 வாக்கில் நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டிக்கு மாறியது. இன்றைக்கு "இந்தியன் ரோஸ்வுட்" என்று விற்கிற கிதார்களின் முதுகும் விலாவும், அதாவது பின்பலகையும் பக்கப்பலகையும், இதே மரம்தான்.

கட்டிலின் தலைமாட்டுப் பலகை அகலமாக இருந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள். பலகையின் வெட்டுமுகத்தில் வருடக் கோடுகள் மேலிருந்து கீழாக நேராக நிற்க வேண்டும்; சாய்ந்தோ வளைந்தோ இருந்தால் பிற்பாடு நெளியும். பின்பலகையைச் சுமார் இரண்டரை மில்லிமீட்டருக்கும் பக்கப்பலகையை இரண்டு மில்லிமீட்டருக்கும் இழைக்கப் போகிறோம், அதனால் ஒரு அங்குலக் கனமுள்ள நல்ல பலகையிலிருந்தே நாலைந்து ஏடு எடுக்கலாம். பேண்ட்சாவில் கொடுத்து அறுப்பதற்கு முன் பழைய ஆணி உள்ளே ஒடிந்து கிடக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் அறுப்பவரின் பிளேடு போய்விடும்.

ஆனால் முன்பலகைக்கு ஈட்டியும் வேண்டாம், தேக்கும் வேண்டாம். கம்பியின் அதிர்வை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது முன்பலகைதான். அது எடை குறைவாகவும், நார் ஓடும் திசையில் விறைப்பாகவும் இருக்க வேண்டும், அந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த மரம் ஸ்புரூஸ், குளிர் நாடுகளில் வளர்கிற ஊசியிலை மரம். அதை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும், செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள், முழுக் கிதாரிலும் பணம் போட வேண்டிய இடம் இதுதான். ஸ்பெயின் நாட்டுக் கிதார் கைவினைஞர் அந்தோனியோ தே தோரெஸ் 1862-ல் முதுகையும் விலாவையும் காகித அட்டையில் செய்து, முன்பலகையை மட்டும் நல்ல ஸ்புரூஸில் போட்டு ஒரு கிதார் செய்தார். குரல் வருவது முன்பலகையிலிருந்து என்று காட்டுவதற்காகவே. அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவின் டெய்லர் கிதார் நிறுவனத்தைச் சேர்ந்த பாப் டெய்லர் சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் போடுகிற பழைய ஓக் பலகைகளை எடுத்து முதுகும் விலாவும் செய்து, நன்றாக ஒலிக்கிற கிதாராகவே கொண்டுவந்தார். ஆக, பின்பக்கத்துக்கு உங்கள் கட்டில் போதும், அதற்கும் மேலே போதும்.

சட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈட்டி மரத்தைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் வந்தது. அதன்படி பட்டா நிலத்தில் நிற்கிற மரத்தைக்கூட இஷ்டத்துக்கு வெட்ட முடியாது என்று இருந்தது. உங்களுடையது பழைய கட்டில் என்பதால் சிக்கல் இருக்காது, இருந்தாலும் அறுப்பதற்கு முன் முழுக் கட்டிலாக நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வன அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரோஸ்வுட் இனம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்கு கொடுத்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர் ஏலத்தில் எடுத்தால் அந்தப் படங்கள் கைகொடுக்கும். நூலகத்துக்காகச் செய்கிறீர்கள், மரம் எங்கிருந்து வந்தது என்ற கதையும் ஏல அறிவிப்பில் இடம்பெறட்டும்.

சென்னையில் மொட்டை மாடி அறையில் கிதார் செய்கிறோம். செய்து முடித்த முதல் கிதாரின் முன்பலகை ஆறு மாதத்தில் நடுவில் விரிசல் விட்டுவிட்டது. மரம் மோசமா, எங்கள் வேலை மோசமா?
— சென்னையிலிருந்து ஒரு கல்லூரிக் குழு

இரண்டும் இல்லை, காற்று. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் கடலோர ஊர்களில் கிதார் செய்கிற எல்லோரும் இங்கே அடிபடுகிறார்கள்.

மரம் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து அகலத்தில் விரியும், காற்று காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அது அசைவதே இல்லை என்று சொல்லலாம். சென்னையில் காற்றின் ஈரப்பதம் 70, 75 சதவீதம் என்பது சாதாரணம். அந்த ஈரத்தில் முன்பலகை விரிந்து நிற்கும்போது அதன் உள்பக்கம் குறுக்கே சட்டங்களை ஒட்டிவிடுகிறீர்கள். பிறகு அந்தக் கிதார் நாள் முழுக்க ஏசி ஓடுகிற அறைக்கோ, பெங்களூருக்கோ, குளிர்கால டெல்லிக்கோ போகிறது. 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்புரூஸ் பலகை 3 மில்லிமீட்டர் வரை சுருங்கப் பார்க்கும், சட்டங்களோ சுருங்க விடாது. பலகைக்கு வேறு வழியில்லை, விரிசல் விட்டுவிடும்.

அதனால் ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. ஒரு சின்ன அறையை மட்டும் அடைத்து, ஏசியோ டீஹியூமிடிஃபயரோ போட்டு 45 முதல் 50 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். முன்பலகை, பின்பலகை, சட்டங்கள் எல்லாவற்றையும் அந்த அறையில் சில வாரம் நிறுத்தி வையுங்கள். சுவரில் சாய்க்காமல், காற்று இரண்டு பக்கமும் போகும்படி. வெட்டுவது, இழைப்பது, வளைப்பது எல்லாம் மொட்டை மாடியில் நடக்கட்டும், பரவாயில்லை. சட்டம் ஒட்டுவதும், கூட்டை மூடுவதும் மட்டும் அந்த அறைக்குள்தான். மழைக்காலத்தில் கரண்ட் போய் ஏசி நின்றுவிட்டால் அன்றைக்கு ஒட்டாதீர்கள். மீட்டர் பழைய இடத்துக்கு வந்து ஓரிரு நாள் நிலையாக நிற்கட்டும், அப்புறம் ஒட்டலாம்.

சட்டங்களைச் செதுக்குவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலோகக் கம்பி ஆறும் சேர்ந்து முன்பலகையை 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. இந்தப் பயத்தில்தான் புதியவர்கள் சட்டங்களைக் கனமாக விட்டுவிடுகிறார்கள், கிதார் உடையாது, ஆனால் பேசவும் பேசாது. எக்ஸ் வடிவத்தில் ஓடும் இரண்டு பெரிய சட்டங்களை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். நடுவில் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கை வைக்க வேண்டாம், அங்கே முழு உயரமும் தேவை. ஓரங்களை நோக்கிப் போகப் போக மெலியட்டும். ஒவ்வொரு முறை இறக்கிய பிறகும் பலகையை மேல் ஓரத்தில் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகப் பிடித்துத் தொங்கவிட்டு, பிரிட்ஜ், அதாவது கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டை, வரப்போகிற இடத்தில் விரல் முட்டியால் தட்டிக் கேளுங்கள். ஆரம்பத்தில் டொக்கென்று கதவைத் தட்டுகிற சத்தம் வரும். இறக்க இறக்கச் சத்தம் தாழ்ந்து, தட்டிய பிறகும் கொஞ்ச நேரம் நீடிக்கும். அந்த நீட்சி வந்துவிட்டால் உளியைக் கீழே வைத்துவிடுங்கள். இது காதுக்குப் பழகுகிற விஷயம், ஒரு நல்ல கிதாரை எடுத்து அதன் முன்பலகையையும் தட்டிக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விரிசல் விட்ட கிதாரைத் தூக்கிப் போட வேண்டாம். விரிசலில் மெல்லிய ஸ்புரூஸ் ஆப்பு வைத்து ஒட்டி, உள்ளே சின்னச் சின்னக் கட்டைகள் கொடுத்தால் பல வருடம் வாசிக்கலாம். விற்பனைக்கு வேண்டாம், உங்கள் பட்டறையிலேயே இருக்கட்டும்.

கிதார் பாகங்களை ஒட்ட ஃபெவிகால் போதுமா?
— விருதுநகர் வாசகர்

போதாது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கிற இடத்தில் மெதுவாக நழுவும், அதிலும் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிதார் இருந்தால் சொல்லவே வேண்டாம். அச்சு, கிளாம்ப் பலகை போன்ற பட்டறைச் சாமான்களுக்கு ஃபெவிகால் பயன்படுத்துங்கள். பிரிட்ஜுக்கும் சட்டங்களுக்கும் கிதார் செய்பவர்கள் பயன்படுத்துகிற டைட்பாண்ட் ஒரிஜினல் பசை, இல்லையென்றால் நம் தச்சர்கள் காலம் காலமாகக் காய்ச்சி ஒட்டிய வச்சிரம் என்ற தோல் பசை. வச்சிரத்தைச் சூடாக இருக்கும்போதே ஒட்டி முடிக்க வேண்டும், கை வேகம் வேண்டும். நாளைக்குப் பழுது பார்க்கப் பிரிக்க வேண்டி வந்தால் சூடும் ஈரமும் கொடுத்துப் பிரித்துவிடலாம் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

அண்ணா, எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். குழு சார்பில் ஒரு கிதார் செய்து, 100 ரூபாய் டோக்கன் போட்டுக் குலுக்கலில் கொடுக்கப் போகிறோம். ஆயிரம் டோக்கன் விற்றால் ஒரு லட்சம்! கிதார் செய்வது பற்றி ஆலோசனை வேண்டும்.
— மதுரையிலிருந்து ஒரு மாணவர்

தம்பி, கிதாருக்கு முன்னால் குலுக்கலை நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது, பரிசுத் திட்டங்களைத் தடுக்கும் 1979-ம் வருடச் சட்டமும் இருக்கிறது. "நல்ல காரியத்துக்குத்தானே" என்று நாம் நினைக்கலாம். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்து அதிர்ஷ்டத்தில் பரிசு தருவது என்றாலே வம்பு, போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையப் போவது உங்கள் குழுவும் முதல்வரும்தான். வெளிநாட்டில் தேவாலயங்களும் பள்ளிகளும் இதைச் சகஜமாகச் செய்வதைப் பார்த்துவிட்டு இங்கே செய்ய முடியாது.

ஏலம் விடுங்கள். அல்லது கல்லூரியில் ஒரு கச்சேரி வைத்து, நுழைவுச் சீட்டுப் பணம் நிதிக்குப் போகட்டும், அந்த மேடையில் அதே கிதாரை வாசியுங்கள். இன்னொன்று, வாங்குபவரிடம் "நன்கொடைக்கான வரிச்சலுகை ரசீது தருகிறோம், வரி குறையும்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பணம் கொடுத்து அதற்கு ஒரு பொருளை வாங்கினால் அது வாங்கிய விலை, நன்கொடை ஆகாது. உங்களுக்குப் பலகையும் முறுக்காணியும் பொருளாகக் கொடுத்தவர்களுக்கும் அந்தச் சலுகை கிடையாது. நன்கொடையாகவே கொடுக்க விரும்புகிறவர் தொண்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போடட்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பழைய மாணவர்கள் பணம் அனுப்பினால் அந்த நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். இதையெல்லாம் ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், அப்புறம் மரத்தைப் பற்றிப் பேசுவோம்.

குடிநோயிலிருந்து மீண்டு வருகிறவர்களுக்கான இல்லத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். கிதார் செய்து விற்று இல்லத்துக்கு நிதி சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். அங்கே இருப்பவர்களையே செய்ய வைக்கலாமா? அவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்குமா?
— திருச்சியிலிருந்து ஒரு வாசகி

அம்மா, வந்த கடிதங்களிலேயே உங்களுடையதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இது ஏற்கெனவே நடக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் ஹிண்ட்மன் என்று ஒரு சின்ன ஊர். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடி, வேலை போய், வலி மாத்திரைகளில் தொடங்கிய ஓபியாய்டு (அபின் வகை மருந்து) அடிமைத்தனம் வீட்டுக்கு வீடு புகுந்த பகுதி அது. அங்கே டல்சிமர் என்ற தந்திக் கருவியைக் கையால் செய்கிற மரபு 19-ம் நூற்றாண்டிலிருந்து உண்டு. அந்த மரபின் மேல் ஒரு கிதார் செய்யும் பயிற்சிப் பள்ளி வந்தது. டக் நேசல்ரோட் என்ற கைவினைஞர் அதை நடத்தினார். போதையிலிருந்து மீள்கிறவர்கள் அங்கே வந்து கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். படித்து முடித்தவர்களுக்கு வேலை வேண்டுமே என்று 2019-ல் டிரபிள்சம் கிரீக் என்ற பெயரில் லாப நோக்கமில்லாத கிதார் தொழிற்கூடமே ஆரம்பித்தார்கள். அந்த மலையில் வளர்கிற கருப்பு வால்நட், சிவப்பு ஸ்புரூஸ் மரங்களில் கிதார் செய்கிறார்கள். டிரபிள்சம் கிரீக் என்பது ஊருக்கு நடுவே ஓடும் ஓடையின் பெயர். 2022 ஜூலை வெள்ளத்தில் அதே ஓடை பொங்கித் தொழிற்கூடத்துக்குள் புகுந்து இயந்திரங்களையும் மரத்தையும் நாசமாக்கியது. சேற்றை அள்ளிக் கொட்டிவிட்டுத் திரும்பவும் வேலையைத் தொடங்கினார்கள்.

அங்கே கிதார் விற்று வருகிற பணத்தைவிட, காலையில் எழுந்து போக ஒரு பட்டறை இருப்பதும், கையில் ஒரு தொழில் இருப்பதும்தான் பெரிய விஷயம். நிதி திரட்டக் கிதார் செய்வதில் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்: உதவி பெறுகிறவரே செய்கிறவராக இருப்பது. கேட்டீர்களே, பொறுமை இருக்குமா என்று. பக்கப்பலகையை வளைப்பதை ஒரு தடவை அவர்களைச் செய்ய வையுங்கள். ஈரப்படுத்திய மெல்லிய பலகையைச் சூடான இரும்புக் குழாயின் மேல் வைத்து இரண்டு கையாலும் மெதுவாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் சுரீர் என்று ஆவியாகும், மரத்தின் வாசனை கிளம்பும், பலகை அசைய மறுக்கும். அவசரப்பட்டு அழுத்தினால் மளுக்கென்று முறிந்துவிடும். பொறுத்திருந்தால் ஒரு கட்டத்தில் உள்ளே இருக்கிற மரப்பிசின் இளகி, பலகை கைக்குக் கீழே தானாக வழிந்து குழாயோடு வளையும். அந்த இளகலை உணர்ந்தவர் அடுத்த பலகையை அவரே கேட்டு வாங்குவார்.

சரி, எச்சரிக்கைகள். பாலிஷ் விஷயத்தில் மிகவும் கவனம். பிரெஞ்ச் பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது. அந்த ஸ்பிரிட் டப்பா உங்கள் இல்லத்துக்குள் நுழையவே கூடாது, அதைக் குடித்தால் கண் போகும், உயிரே போகும். தின்னர் கலந்த லாக்கரும் வேண்டாம். தண்ணீரில் கலக்கிற வார்னிஷ் போதும். ஏலத்துக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் அந்த ஒரு வேலையை மட்டும் வெளிப்பட்டறையில் கொடுத்து முடியுங்கள். குடியை நிறுத்திய ஆரம்ப நாட்களில் கை நடுங்கும், மருந்தால் தூக்கக் கலக்கமும் இருக்கும், அப்போது கூர்மையான உளியோ இயந்திர ரம்பமோ கொடுக்கக் கூடாது, உப்புத்தாள் தேய்க்கிற வேலை கொடுக்கலாம். யாருக்கு எப்போது எந்தக் கருவி என்பதை இல்லத்தின் டாக்டர் முடிவு செய்யட்டும். பகுதி நேரமாகவாவது ஒரு தச்சருக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தன்னார்வத்தை மட்டும் நம்பினால் மூன்றாம் மாதம் பட்டறை பூட்டிக் கிடக்கும். விற்கும்போது செய்தவரின் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பது அவருடைய விருப்பம். அவருடைய குடிக் கதையைச் சொல்லி விலை ஏற்ற வேண்டாம்.

எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் ஏழைப் பிள்ளைகள் பலர் கிதார் கற்க ஆசைப்படுகிறார்கள். கையால் ஒன்று செய்து ஏலம் விட்டு அந்தப் பணத்தில் அவர்களுக்குக் கிதார் வாங்கலாமா, அல்லது செய்த கிதாரையே கொடுக்கலாமா?
— பாளையங்கோட்டையிலிருந்து ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை

டீச்சர், அமெரிக்காவில் வெர்ஜினியா மலையோரம் ரக்பி என்ற குக்கிராமத்தில் வெய்ன் ஹென்டர்சன் என்று ஒருவர், தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உலகப் புகழ் பெற்ற கிதார் கைவினைஞர். அவர் செய்த கிதாருக்காக ஜாம்பவான்களே வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர் பெயரில் 1995 முதல் ஜூன் மாதத்தில் ஒரு இசை விழா நடக்கிறது. அங்கே நடக்கும் கிதார் போட்டியில் ஜெயிப்பவருக்கு அவர் கையால் செய்த கிதார் பரிசு. விழாவில் சேர்கிற பணம் இளம் கலைஞர்களின் படிப்புக்குப் போகிறது. ஒரே கிதார், நன்றாக வாசிக்கிறவர் கைக்கும் போகிறது, மற்ற பிள்ளைகளுக்கு நிதியும் சேர்கிறது. நீங்களும் அப்படி ஒரு போட்டி வைக்கலாம்.

ஆனால் உங்கள் பிள்ளைகள் ஆரம்ப நிலையில் இருப்பதால், உடனடித் தேவைக்கு வேறு வழி சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் வாங்கி ஒரு மாதம் வாசித்துவிட்டு அலமாரி மேல் ஏற்றிய கிதார்கள் தூங்குகின்றன. ஆலயத்தில் அறிவித்துக் கேளுங்கள், வரும். கிதார் செய்யத் தெரிந்தவர் அவற்றைச் சரி செய்து கொடுக்கட்டும். புதுக் கம்பி, துருத்திக்கொண்டிருக்கும் ஃபிரெட்டை அரத்தால் ராவி மட்டப்படுத்துவது, பிரிட்ஜில் கம்பி உட்காரும் எலும்புத் துண்டைத் தேய்த்து இறக்குவது, அவ்வளவுதான் பெரும்பாலும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் பிள்ளைகள் விரலை அழுத்த முடியும். கடையில் மலிவாக வாங்குகிற கிதாரில் அந்த உயரம் அதிகமாக இருப்பதால்தான் பாதிப் பேர் விரல் வலித்து விட்டுவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நைலான் கம்பி போடுகிற கிளாசிக்கல் கிதார் நல்லது, இழுவை ஏறக்குறைய பாதிதான். நைலானுக்குச் செய்த கிதாரில் உலோகக் கம்பி மட்டும் போட்டுவிடாதீர்கள், முன்பலகை எழும்பிவிடும்.

கையால் செய்யும் கிதார் ஏலத்துக்குப் போகட்டும், பழுது பார்த்த கிதார்கள் பிள்ளைகளுக்குப் போகட்டும். இரண்டுக்கும் ஒரே பட்டறை போதும்.

நாங்கள் செய்த கிதாரை ஏலத்தில் எடுத்தவர் டெல்லியில் இருக்கிறார். எப்படி அனுப்புவது?
— புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்

வாழ்த்துகள், விற்றாகிவிட்டது! கம்பிகளை ஒரு சுற்று, இரண்டு சுற்று தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். கெட்டியான பெட்டிக்குள் வைத்து, கழுத்துக்கு அடியிலும் தலைப்பகுதிக்குப் பின்னாலும் துணி சுருட்டிக் கொடுங்கள், பெட்டி கீழே விழுந்தால் முதலில் ஒடிவது தலை சேருகிற இடம்தான். அதை இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் அடைப்புக் கொடுங்கள். டெல்லிக் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறை மிகவும் காய்ந்திருக்கும், அதனால் பெட்டிக்குள் வைக்கிற ஈரப்பதப் பை ஒன்றை வாங்கிப் போட்டு, எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதி வையுங்கள். ஒலித்துளை வழியாகப் படிக்கும்படி உள்ளே ஒட்டிய சீட்டில் மரங்களின் பெயர், வருடம், எந்த நிதிக்காகச் செய்தது என்ற விவரம் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். கழுத்துக்குள் இருக்கிற இரும்புத் தண்டைத் திருகும் சாவியையும் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். ஊர் மாறினால் கழுத்து கொஞ்சம் வளையும், அவர் ஊரில் இருக்கிற கிதார் ரிப்பேர்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.